அலமாரியில் இல்லாத பிள்ளை

எங்கள் அப்பா பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாத்தியாராக இருந்தார். பூகோளமும் கணக்கும் அவர் பாடங்கள். டத்தோ கிராமாட் சாலையில் டிராம் போகிற சத்தம் கேட்கும் தூரத்தில், ஒரு சந்துக்குள் இருந்த வாடகை வீட்டில் நாங்கள் நாலு பேர் குடியிருந்தோம். அப்பா, அம்மா, என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன், நான். ஐந்தாவது ஆளாக ஓர் அலமாரியும் நம் வீட்டில் இருக்கிறது என்று அம்மா சொல்வார். சாப்பாடு போட வேண்டியதில்லை, அது ஒன்றுதான் நிம்மதி என்பார்.

அது கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலமாரி. மற்றவர்கள் வீட்டில் இப்படிப்பட்ட அலமாரியில் பீங்கான் தட்டுகளும் நல்ல துணிகளும் இருக்கும். எங்கள் வீட்டில் அப்பாவின் பள்ளிக்கூடம் இருந்தது. வருடா வருடம் எடுத்த வகுப்புப் படங்கள், விளையாட்டு விழாவின் அச்சடித்த தாள்கள், ஏதோ ஒரு நாடகத்தில் ராஜா வேஷம் போட்ட பையன் ஒட்டிக்கொண்ட சணல் தாடி, பழைய கட்டடத்தை இடித்தபோது எடுத்து வந்த பித்தளைக் கதவுப்பிடி, வகுப்பில் பிடுங்கிய பம்பரங்கள், கோலிகள், நெருப்புப்பெட்டிகள். நெருப்புப்பெட்டி எதற்கென்றால், அந்தக் காலத்துப் பையன்கள் சண்டைக்கு விடுவதற்காகச் சிலந்தி பிடித்து, பெட்டிக்குள் ஓர் இலை வைத்து வளர்ப்பார்கள். அப்பா கண்ணில் பட்டால் சிலந்தியை ஜன்னல் வழியாக விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய சின்னக் காகிதத் துண்டு ஒன்று தொங்கும். யாருடையது, எந்த வகுப்பு, எந்த வருடம் என்று அப்பாவின் சாய்ந்த எழுத்தில் இருக்கும்.

"இந்தக் குப்பையெல்லாம் எதுக்குங்க?" என்று அம்மா கேட்பார்.

"குப்பையில்ல. நாளைக்கு இவனுங்கல்லாம் பெரிய ஆளா ஆயிட்டு வருவானுங்க. அப்ப பாக்கணும்ல."

வந்தார்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு ஒரு கூடை ஆரஞ்சோடு வருவார்கள், ஹரி ராயாப் பெருநாள் முடிந்து பலகாரத் தட்டோடு வருவார்கள், கிறிஸ்மஸ் அன்று பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்புவதற்குள் வாசலில் யாராவது நிற்பார்கள். பேங்கில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர் தம்முடைய பம்பரத்தை அலமாரியில் பார்த்துவிட்டு, புது மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தரையில் குந்திச் சுற்றிக் காட்டினார். அப்பா பேச்சுக் குறைந்தவர். கோயிலில்கூட எல்லோருக்கும் பின்னால் நிற்பவர். அன்றைக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். ஓரிரண்டு பேருக்கு அவர்களுடைய சாமானைத் திருப்பிக் கொடுக்கவும் முன்வந்தார். ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை. "இங்கேயே இருக்கட்டும் சார்" என்றார்கள்.

அண்ணனும் அதே பள்ளிக்கூடத்துக்குப் போனான். பெரிய வகுப்புக்கு வந்ததும் அப்பாவிடமே பாடம் படிக்கும்படி ஆயிற்று. வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டால் 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. அவன் கை தூக்கினால் கடைசியாகத்தான் கேட்பார். சரியாகச் சொன்னாலும் "ம்" என்பார், அவ்வளவுதான். வாத்தியார் மகன் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்கிற பயம் அவருக்கு. அந்தப் பள்ளியில் தமிழ் வாத்தியார்கள் அதிகம் பேர் இல்லை. அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அண்ணன் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. அவன் எப்போதும் எதையாவது வரைந்துகொண்டிருப்பான். மாவுப் பை, பாசாரில் மீன் சுற்றித் தரும் காகிதம், என்னுடைய சிலேட்டு, எதுவும் மிஞ்சாது. தாடையில் அவனுக்கு ஒரு தழும்பு உண்டு. சின்ன வயதில் கிணற்றங்கரையில் விழுந்தது.

அந்த வருடத்து வகுப்புப் படம் எடுத்த அன்று அவன் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். சாப்பிட உட்கார்ந்ததும் நடந்ததை நடித்துக் காட்டினான். சீனப் படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்க்கிறார், வெளியே வருகிறார், மறுபடி உள்ளே போகிறார். கடைசி வரிசை நீளமாக இருக்கிறதாம். ஓர் ஆள் அதிகமாம். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அப்பாவின் கை நீண்டு அண்ணன் தோளைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டதாம்.

"பொத்தானெல்லாம் தொடச்சுப் போட்டுக்கிட்டுப் போனேம்மா. கடைசியில நான் அந்தாளோட குடையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"ஏங்க, வேற பையனே கெடைக்கலையா?" என்றார் அம்மா.

"வேற எவனை நிறுத்தினாலும் அவன் அப்பன் நாளைக்கு வந்து கேப்பான்" என்றார் அப்பா. "இவன் அப்பன் கேக்க மாட்டான்."

அப்பா வேடிக்கையாகப் பேசுவது அபூர்வம். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அம்மாவும்தான்.

அதற்குப் பிறகு சில மாதங்கள்கூட ஆகவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் தொண்டை வலிக்கிறது என்று அண்ணன் பள்ளிக்கூடம் போகாமல் படுத்தான். அம்மா மிளகும் மஞ்சளும் போட்டுப் பால் காய்ச்சிக் கொடுத்தார். மறுநாள் அவனால் எச்சில் விழுங்க முடியவில்லை. கழுத்து வீங்கிவிட்டது. டாக்டர் வந்து கரண்டியால் நாக்கை அழுத்திப் பார்த்தார். என்னை உடனே வேறு வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் சித்தி வீட்டுக்கு என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். ரிக்‌ஷாவில் ஏறும்போது ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தேன். பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டினான். நானும் ஆட்டினேன்.

அவனை அடக்கம் செய்த பிறகுதான் என்னை வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். கல்லறைக்குக்கூட என்னை விடவில்லை.

வீடு சுண்ணாம்பு வாசனையும் மருந்து நெடியுமாக இருந்தது. சுகாதார இலாகா ஆட்கள் வந்து அவன் படுத்த பாய், தலையணை, சட்டைகள், புத்தகங்கள், வரைந்த காகிதங்கள் எல்லாவற்றையும் பின்கட்டில் போட்டு எரித்திருந்தார்கள். ஒட்டுகிற நோய், இன்னொரு பிள்ளை இருக்கிற வீடு, வேறு வழியில்லை. அம்மாவே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாராம். ஒரு சட்டையையாவது ஒளித்து வைத்திருக்கலாமே என்று சித்தி பிறகு கேட்டபோது, "எனக்கு அந்தப் பிள்ளையும் வேணும்ல" என்று என்னைக் காட்டினார். பின்கட்டில் சிமெண்டுத் தரை கறுத்துக் கிடந்தது. அம்மா அதன்மேல் கால் வைக்காமல் சுற்றிப் போய்த்தான் தண்ணீர் எடுப்பார்.

முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா அலமாரிக்கு முன்னால் வந்து நின்றார். அதுவரை அவர் அந்தக் கதவைத் திறந்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியைத் துடைப்பதோடு சரி.

"அவன் படம் ஒண்ணு வேணும். கோயிலுக்குப் போறப்ப கையில வச்சுக்கணும் போல இருக்கு" என்றார்.

எங்களிடம் குடும்பப் படம் எதுவும் இல்லை. கோயிலில் எனக்கு உறுதிபூசுதல் கொடுக்கும் வருடம் எல்லோரும் சேர்ந்து போய் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருந்தார்கள். அப்பா அலமாரியைத் திறந்து அந்த வருடத்து வகுப்புப் படத்தை எடுத்துக் கொடுத்தார். மறுக்காமல் கொடுத்தார். அவருக்கும் அந்த நிமிடம் ஞாபகம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். எனக்கும் வரவில்லை. அம்மா ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து, கீழ்வரிசையிலிருந்து ஒவ்வொரு முகமாக விரலை வைத்துக்கொண்டு போனார். மேல்வரிசையின் கடைசியில் விரல் நின்றது.

"ஆமால்ல" என்றார் மெதுவாக. "ஒரு ஆள் அதிகம்னு சொன்னாங்கல்ல."

அப்பா அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, "ஊர்ப் பிள்ளைங்களோட கோலிகூட இருக்குது. என் பிள்ளையோடது ஏதாச்சும் இருக்குதான்னு பாருங்க. ஒரு நூலு இருந்தாலும் போதும்" என்றார்.

எதுவும் இல்லை என்பது அப்பாவுக்குத் தெரியும். தம் மகனின் பொருள் ஒன்றுகூட அதற்குள் போகக் கூடாது என்று இருந்தவரே அவர்தான். ஆனாலும் தேடினார். ஒவ்வொரு தட்டாக எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்பினார். ஒவ்வொரு காகிதத் துண்டையும் திருப்பிப் படித்தார். பொழுது சாயும்வரை அந்தச் சாமான்களுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அம்மா எழுந்து போய் விளக்கேற்றி மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அவரைத் தாண்டி அடுப்படிக்குப் போனார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அதன் பிறகும் வெகு நாட்கள் அவசியமான பேச்சு மட்டும்தான் இருந்தது. உப்பு இருக்கா, குடை எங்கே, இப்படி.

அடுத்த வாரம் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பினாங்கு ரோட்டில் இருந்த அந்தப் படக்காரரின் கடைக்குப் போனார். ஏன் என்னைக் கூப்பிடுகிறார் என்று தெரியாமல்தான் டிராமில் ஏறினேன். தனியாகப் போக அவருக்குத் துணிவில்லை என்று பிறகு புரிந்தது. படக்காரர் வயதானவர். அப்பா மலாயில் விஷயத்தைச் சொன்னார். அன்றைக்கு என் மகன் வரிசையில் நின்றபோதே ஒருவேளை ஒரு தடவை எடுத்திருப்பீர்களோ என்று கேட்டார். படக்காரர் உள்ளே போய்க் கண்ணாடித் தகடுகள் இருந்த மரப்பெட்டியைத் தூக்கிவந்தார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த வகுப்புக்கு ஒரே ஒரு தகடுதான். அதில் அண்ணன் இல்லை.

அப்பா நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். அப்போது படக்காரர் என்னைக் காட்டி, "இது அந்தப் பையனின் தங்கையா?" என்று கேட்டார். இறந்துபோனவர்களுக்குப் படம் இல்லாவிட்டால் சீனர் வீடுகளில் கரித்தூளால் முகம் வரைந்து மாட்டுவார்கள். தம் தம்பி அந்த வேலையில் கைதேர்ந்தவன் என்றார். ஜாடை ஒத்திருக்கிற ஒருவர் எதிரில் உட்கார்ந்தால் போதும், மாறுகிற இடங்களைச் சொன்னால் திருத்தி வரைந்துவிடுவான் என்றார்.

நான் அண்ணன் ஜாடைதான். எல்லோரும் சொல்வார்கள்.

மறுபடி போனபோது அப்பா ஒரு வெள்ளைச் சட்டையைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்திருந்தார். பள்ளிக்கூடத்துப் பையன்கள் போடுகிற, கழுத்துவரை பொத்தான் வைத்த சட்டை. வகுப்பில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனப் பையனிடம் இரவல் கேட்டு வாங்கியது. பிள்ளைகளிடம் ஒரு பென்சில்கூட இரவல் வாங்காத மனிதர். திரைக்குப் பின்னால் போய் அந்தச் சட்டையை என் பாவாடைமேல் போட்டுக்கொண்டு, சடையைச் சுருட்டிப் பின்னால் செருகிக்கொண்டு, முக்காலியில் வந்து உட்கார்ந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வரைகிறவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். புருவம் இதைவிடத் தடிப்பா? ஆமாம். காது? கொஞ்சம் ஒட்டினாற்போல. தழும்பு ஏதாவது?

"தாடையில் ஒன்று" என்றார் அப்பா.

"எந்தப் பக்கம்?"

அப்பா யோசித்தார். கையைத் தூக்கித் தம் தாடையின் ஒரு பக்கம் வைத்தார், பிறகு மறுபக்கம் வைத்தார்.

"இடது பக்கம்பா" என்றேன்.

"ஆமா. இடது பக்கம்" என்றார். வரைகிறவரிடம் அதை மலாயில் சொல்வதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது. பினாங்கு ரோட்டில் ரிக்‌ஷாக்கள் போய்க்கொண்டிருந்தன. நான் அசையக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

படம் நன்றாகத்தான் வந்தது. கறுப்புச் சட்டம் போட்டு அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது பாப்பா" என்றார்.

"நெத்தியப் பாரு. தழும்புகூடப் போட்டிருக்காரு."

"இது பாப்பாதாங்க. செத்தவனோட படம்னு சொல்லி உசுரோட இருக்கிற பொண்ணக் கொண்டாந்து வச்சிருக்கீங்க. இதச் செவுத்துல மாட்டக் கூடாது. எனக்குப் பயமா இருக்கு."

அம்மா அதை ஒரு பழைய சேலையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். பிறகு என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, காரணமில்லாமல் என் சடையை அவிழ்த்து மறுபடி பின்னினார். இழுத்து இறுக்கிப் பின்னியதில் எனக்குக் கண்ணீர் வந்தது. வலியினால்தான் அழுகிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டார்.

ஆனால் அந்த இரவல் சட்டையால் ஒரு காரியம் நடந்தது. எதற்காகக் கேட்கிறார் என்று சட்டை கொடுத்த பையனுக்குத் தெரிந்திருந்தது. அவன் வகுப்பில் சொல்லியிருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையன்கள் ஐந்தாறு பேர் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். எல்லோரும் தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார்கள். தாம் உள்ளே இருந்தால் பையன்கள் விறைத்துக்கொண்டு நிற்பார்கள் என்று அப்பா நாற்காலியை எடுத்துக்கொண்டு வெளியே ஐந்தடி நடைபாதைக்குப் போய்விட்டார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மலாய் தெரியும். பையன்கள் மலாயில்தான் பேசினார்கள். ஒருவன் பாதி ரப்பர் கொடுத்தான். அதில் அண்ணனுடைய பல் அடையாளம் இருந்தது, அவனுக்கு எதையும் கடிக்கிற பழக்கம் உண்டு. ஒருவன் அண்ணன் தந்த கோலியைக் கொடுத்தான். ஒருவனிடம் எதுவும் இல்லை. அவன் ஒரு தடவை பந்து விளையாடிவிட்டுத் திரும்பும்போது தனக்குக் காலில் அடிபட்டதையும், அண்ணன் தன்னை முதுகில் தூக்கிக்கொண்டு வந்ததையும் சொன்னான். அம்மா அதையும் கை நீட்டி வாங்கிக்கொள்வதுபோல இருந்தார்.

மலாய்ப் பையன் ஒருவன் சட்டைப்பையிலிருந்து நெருப்புப்பெட்டி ஒன்றை எடுத்தான். மலாய்க்காரர் அத்தையைக் கூப்பிடுவதுபோல அம்மாவை 'மாச்சிக்' என்றான்.

"மாச்சிக், இது அவனுடையது. சார் பார்த்தால் விட்டுவிடுவார் என்று என்னிடம் வளர்க்கக் கொடுத்தான். நல்ல சண்டைக்காரன்."

அம்மா பெட்டியைக் கொஞ்சமாகத் திறந்து பார்த்தார். சிலந்தி உயிரோடு இருந்தது. இலைக்கு மேலே ஏறி முன்கால்களைத் தூக்கியது.

"இதற்கு என்ன கொடுக்க வேண்டும்?" என்று கேட்டார்.

"ஈ, மாச்சிக். சின்ன ஈ. இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர்."

சட்டை கொடுத்த சீனப் பையன் எல்லோருக்கும் கடைசியாக வந்தான். பூகோளப் புத்தகத்திலிருந்து ஒரு தாளை உருவி, வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "இதை உங்களிடம் மட்டும்தான் காட்டலாம். சார் பார்க்கக் கூடாது" என்றான். பயிற்சிப் புத்தகத்தின் கடைசித் தாள். அண்ணன் அதில் அப்பாவை வரைந்திருந்தான். முறம் மாதிரி இரண்டு காதுகள். மூக்கின் நுனியில் கண்ணாடி. கையில் பிரம்பு. பின்னால் அலமாரி. அலமாரிக்குள் பாட்டிலில் போட்ட ஊறுகாய்போலப் பையன்கள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மா சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. அண்ணன் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. வெளியே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அப்பா வாசலில் வந்து நின்றார். பையன்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். தாள் கொடுத்தவன் முகத்தில் ரத்தமே இல்லை.

அம்மா தாளை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, "காது இவ்வளவு பெருசாவா இருக்கு?" என்று தமிழில் கேட்டார்.

"இதவிடப் பெருசு" என்றார் அம்மா.

அவசியமில்லாத ஒரு பேச்சை அவர்கள் பேசிக்கொண்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. அப்பா வாசற்படியில் உட்கார்ந்து, பையன்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தோள் குலுங்க அழுதார். அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சீனப் பையன் மட்டும் பக்கத்தில் போய் நின்று, "சார், சார்" என்றான். அம்மா எல்லோருக்கும் தேநீர் போட்டார். எனக்கு அடுப்படியில் வேலை வந்துவிட்டது.

அண்ணன் வரைந்த அந்தத் தாளை அலமாரியில் வைக்கலாமா என்று அப்பா பிறகு கேட்டார். அம்மா ஒப்பவில்லை. "அது ஊர்ப் பிள்ளைங்களோட எடம். இவன் என்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லித் தம் செபப் புத்தகத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டார். சிலந்திக்கு அம்மாதான் ஈ பிடித்துப் போட்டார். மழைக்காலம் முடிகிறவரை அது இருந்தது.

அப்பா அலமாரியை மறுபடி அடுக்கினார். அடுக்கும்போது சில சாமான்களைத் தனியாக எடுத்து மேசைமேல் வைத்திருந்ததை அம்மா பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இதெல்லாம் ஏன் வெளிய இருக்கு?"

"இவனுங்க இல்ல" என்றார் அப்பா. "படிச்சிக்கிட்டு இருக்கிறப்பவே போயிட்டானுங்க. ஒருத்தன் கடல்ல. ஒருத்தன் காய்ச்சல்ல."

அம்மா ஒரு மூங்கில் ஊதலை எடுத்துப் பார்த்தார். விரல் நீளம்தான் இருக்கும்.

"இது யாரோடது?"

"புக்கிட் மெர்தாஜாம் பையன். ரயில்ல வந்து போயிக்கிட்டு இருந்தான். வகுப்புல ஊதினான், புடுங்கினேன். போயி பத்து வருசத்துக்கு மேல ஆச்சு."

"அவன் அம்மாகிட்ட அவனோடது என்ன இருக்கு?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"கேட்டீங்களா?"

அப்பா மேசைமேல் இருந்த சாமான்களை ஓரமாக நகர்த்தினார்.

"நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவுதானே. போயிக் குடுத்துட்டு வரலாம். நானும் வரேன்" என்றார் அம்மா.

அப்படித்தான் நாங்கள் மூவரும் கப்பலில் அக்கரையில் இருக்கும் பிறைக்குப் போய், அங்கிருந்து ரயிலேறிப் புக்கிட் மெர்தாஜாம் போனோம். அண்ணன் போன பிறகு அம்மா கோயிலையும் கல்லறையையும் தவிர வேறெங்கும் கிளம்பியது அதுதான் முதல் தடவை. ரயில் நிலையத்திலிருந்து விசாரித்துக்கொண்டே நடந்தோம். பாசாருக்குப் பின்னால், வாத்து வளர்க்கிற ஒரு சீனர் வீடு. பையனின் அம்மா முற்றத்தில் வாத்துகளுக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார். கோட்டுப் போட்ட ஒருவரும் சேலை கட்டிய ஒரு பெண்ணும் உள்ளே வருவதைப் பார்த்துப் பயந்து எழுந்தார். ஏதோ வரி கேட்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாராம்.

அப்பா, தாம் யார் என்று சொன்னார். மகன் பெயரைச் சொன்னதும் அந்தப் பெண் கையைத் துடைக்காமலே அப்படியே நின்றார். எத்தனையோ வருடமாக அந்தப் பெயரை வெளியார் யாரும் சொல்லி அவர் கேட்டிருக்க மாட்டார். அப்பா ஊதலை நீட்டினார். சொல்ல நினைத்து வந்ததெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது.

"வகுப்பில் ஊதினான். நான்தான் பிடுங்கி வைத்துக்கொண்டேன்" என்றார் மலாயில். "திருப்பிக் கொடுக்கவில்லை."

அந்தப் பெண் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூங்கிலில் மகன் கத்தியால் கீறிய கோடுகளைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு வாயில் வைத்து ஊதினார். காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார். குளவி ஏதோ உள்ளே மண் வைத்து அடைத்திருந்தது. அலமாரிக்குள் அது எப்படிப் புகுந்ததோ தெரியவில்லை.

அம்மா அவர் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்து கையை நீட்டினார். அவர் தயங்கிக் கொடுத்தார். அம்மா கொண்டையிலிருந்து ஊசியை உருவி, ஊதலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்தி உதிர்த்தார். அந்தப் பெண் தம் முகத்தை அம்மாவின் கைக்கு அருகில் கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தார். உடைந்துவிடுமோ என்ற பயம் இரண்டு பேர் முகத்திலும் தெரிந்தது.

"உனக்குப் பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று அவர் கேட்டார்.

அம்மாவின் கை ஒரு கணம் நின்றது.

"இரண்டு பேர்" என்றார். என்னைக் காட்டி, "இது சின்னது. மூத்தவன் இந்த மழைக்காலத்தில் போய்விட்டான்" என்றார்.

அந்தப் பெண் தவிடு ஒட்டிய கையை அம்மாவின் முழங்கால்மேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. அம்மா மிச்ச மண்ணையும் ஊதித் தள்ளிவிட்டு ஊதலைத் திருப்பிக் கொடுத்தார். இந்தத் தடவை ஊதியபோது, கூர்மையாக, கொஞ்சம் பிசிறோடு, சத்தம் வந்தது. முற்றத்தில் இருந்த வாத்துகள் எல்லாம் தலையைத் தூக்கின.